முன் வரிசையில் சேட்டு

"பொன்னாடையப் போத்திட்டா எவனும் கைய ஓங்க மாட்டான் மச்சான். மேடைக்குக் கூப்புடறோம், போத்தறோம், முன்னாடி சீட்டுல உக்கார வெக்கறோம். அவ்ளோதான் மேட்டரு" என்றான் ஆனந்தராஜ்.

ரித்தீஷ் திண்டிவனத்தில், மரக்காணம் ரோட்டுப் பக்கம் ஒரு மினி ஹாலின் மாடியில், மேடைக்குப் பின்னாலிருந்த சின்ன அறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணி. ஐந்து மணிக்கு அவன் நிகழ்ச்சி. கையிலிருந்த செல்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வெள்ளிக்கிழமை காலை அதில்தான் அந்தக் குரல் வந்தது.

"நிம்பள் தானே ரித்தீஷ் ஜெயின்? நம்பள் விழுப்புரம் மிட்டாய்க் கடை சேட்டு பேசறான். நிம்பள் வீடியோ நம்பள் பாத்தான். ஞாயித்துக்கெழமை திண்டிவனம் வர்றான். நேர்ல பேசணும்."

அவ்வளவுதான், வைத்துவிட்டார். திட்டியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். 'நேர்ல பேசணும்' என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டால் மனுஷன் என்னத்தைத் தூங்குவது?

ரித்தீஷுக்கு வயது இருபத்தாறு. விழுப்புரத்தில் ஒரு செல்போன் ஷோரூமில் வேலை. சனி, ஞாயிறு வந்தால் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒற்றை ஆளாகப் பேசிச் சிரிக்க வைக்கிற ஸ்டாண்ட்-அப் காமெடி. ஆரம்பத்தில் ஷோரூமைப் பற்றிப் பேசினான், டவுன் பஸ்ஸைப் பற்றிப் பேசினான். சிரித்தது ஆனந்தராஜ் ஒருத்தன்தான். அவனும் நிகழ்ச்சி ஏற்பாட்டாளன் என்ற கடமைக்காகச் சிரித்தான். பிறகு ஒரு நாள், காலேஜ் படிக்கையில் ஜிலேபி வாங்கித் தின்ற கடையின் சேட்டைப் போலப் பேசிக் காட்டினான்.

"ஏ தம்பி! நம்பள் ஜிலேபி ஒண்ணு சாப்ட்டு பாரு. நிம்பள் பொண்டாட்டி பேரு மறந்து போவான்!"

கூட்டம் நாற்காலியைத் தட்டித் தட்டிச் சிரித்தது. தொப்பையைத் தள்ளிக்கொண்டு நடந்து காட்டினான், இன்னும் சிரித்தது. தராசில் கட்டை விரலை வைத்து அழுத்தி நிறுப்பது போலக் காட்டினான். அந்தச் சேட்டு அப்படிச் செய்து அவன் ஒரு நாளும் பார்த்ததில்லை. ஆனாலும் சேட்டு என்றால் அப்படித்தான் என்று கூட்டம் நம்பியது, நம்பியதால் சிரித்தது. இரண்டு மாதத்தில் அந்த வீடியோவைப் பதினெட்டு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள்.

பதினெட்டு லட்சத்தில் பத்துப் பேராவது, 'ஒரு சனத்தையே இப்படிக் கேலி பண்றியே, நியாயமா?' என்று கேட்பார்கள் இல்லையா? கேட்டார்கள். அதற்கும் ரித்தீஷ் ஒரு வழி வைத்திருந்தான். மேடையேறியதும் முதல் பேச்சே, "நானே சேட்டு வீட்டுப் பையன்தாங்க. பேரப் பாருங்க, ரித்தீஷ் ஜெயின்!" என்பான். சொந்த வீட்டை ஒருத்தன் கேலி செய்தால் அடுத்த வீட்டுக்காரன் என்ன சொல்ல முடியும்? கேட்டவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

உண்மை என்னவென்றால், ரித்தீஷுக்கும் ராஜஸ்தானுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. செஞ்சிப் பக்கம் ஒரு கிராமத்தில் நிலக்கடலை, அவர்கள் பேச்சில் மல்லாட்டை, போடுகிற குடும்பம். ஜைனர்கள்தான், ஆனால் தமிழ் ஜைனர்கள். தமிழ் ஜைனர்களை நயினார் என்பார்கள்; நயினார் வீடு என்றால் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். எத்தனையோ தலைமுறையாக இங்கேயே உழுது, இங்கேயே விதைத்து, பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாமல் இருப்பவர்கள். ஊர் எல்லையைத் தாண்டி 'ஜெயின்' என்று சொன்னால் போதும், "ஓ, சேட்டா?" என்பார்கள். விழுப்புரம் ஸ்கூலில் அவனுக்குப் பேரே 'டேய் சேட்டு'தான். இல்லை இல்லை என்று தலைகீழாக நின்று பார்த்தான், ஒருத்தனும் நம்பவில்லை. கடைசியில், நீங்கள் சொன்னபடியே இருந்துவிட்டுப் போகிறேன் என்று மேடையில் ஏறிவிட்டான்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. சென்னையிலிருந்து கவிதா மேடம் வந்தார். அவருடைய கம்பெனி ரித்தீஷை வைத்து ஒரு மணி நேர நிகழ்ச்சி எடுக்கத் தயாராக இருந்தது. கையெழுத்துப் போட்டால் ஷோரூம் வேலையை அன்றைக்கே விட்டுவிடலாம். நாலு வருஷமாக அவன் கண்ட கனவு அதுதான்.

"ஒரே ஒரு விஷயம் ரித்தீஷ்" என்று போனில் சொல்லியிருந்தார். "எங்க வக்கீல் ரொம்ப ஸ்ட்ரிக்ட். அடுத்தவங்க சமூகத்தக் கிண்டல் பண்ணா கேஸ் வரும். உங்க சொந்த சமூகம்னா பிரச்சனையே இல்ல. திண்டிவனம் ஷோல உங்கப்பா முன் வரிசைல உக்காந்து சிரிக்கிற மாதிரி ஒரு ஷாட் எடுத்துக்கறோம். அதான் நமக்கு சேஃப்டி."

ரித்தீஷின் அப்பாவுக்கு மகன் மேடையில் பேசுவதே தெரியாது. நாலு முழ வேட்டியும் தோளில் துண்டுமாக அவர் வந்து உட்கார்ந்தால் கதை கந்தலாகிவிடும். ஆகவே ஆனந்தராஜ் ஒரு அப்பாவை ஏற்பாடு செய்தான்.

அந்த அப்பா, கண்ணாடி முன்னால் நின்று ரோஸ் கலர் தலைப்பாகையைச் சரி செய்துகொண்டிருந்தார். பெயர் கண்ணையன். ஆனந்தராஜின் தாய்மாமன். கண்டாச்சிபுரத்துக்காரர். முப்பத்தோரு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர்.

"மாமா, நீங்க பேசவே வாணாம். சும்மா சிரிச்சிக்கினு இருந்தா போதும்" என்றான் ஆனந்தராஜ்.

"அச்சா" என்றார் கண்ணையன்.

"அதையும் சொல்லாதீங்க மாமா."

"வேஷத்தப் போட்டுட்டு வாய மூடிக்கினு இருன்னா எப்டிடா? இந்தத் தலைப்பாக்கு ஒரு மரியாத வாணாமா?"

அப்போது மாடிப்படியில் காலடி கேட்டது. ரித்தீஷ் திரையை விலக்கிப் பார்த்தான்.

அதே சேட்டு. வெள்ளை குர்தா, நெற்றியில் குங்குமப்பூ நிறத்தில் பொட்டு. பின்னால் மூக்கு வரை முக்காடு இழுத்துவிட்டுக்கொண்டு சேட்டம்மா. சேட்டின் கையில் பெரிய மஞ்சப் பை ஒன்று. அதைக் கனம் தாங்காமல் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

"பையில இன்னாடா இருக்கும்?" என்றான் ரித்தீஷ்.

"கேஸ் கட்டா இருக்கும்."

"அவ்ளோ கனமாவா?"

"பெரிய வக்கீலா வெச்சிருப்பாரு. பேஜாரு பண்ணாத, நான் பாத்துக்கறேன்" என்று ஆனந்தராஜ் மைக்கைத் தேடி ஓடினான்.

அவன் பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதான். கூட்டம் நிறைந்ததும், "விழுப்புரத்தின் இனிப்பு மன்னர், நமது சிறப்பு விருந்தினர், சேட்டு அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்!" என்று அறிவித்தான். சேட்டு திடுக்கிட்டு எழுந்தார். வாசல் பக்கம் திரும்பினார். இரண்டு பையன்கள் மரியாதையாக அவர் கையைப் பிடித்து மேடைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பையை விடாமலே வந்தார். பொன்னாடையைப் பையின் மேலேயே போர்த்தினான் ஆனந்தராஜ். அதோடு விட்டானா? மேடை என்றால் வாழ்த்துரை இல்லாமல் எப்படி என்று மைக்கை அவர் வாய்க்கு நேராக நீட்டினான்.

சேட்டுக்கு வியர்த்துக் கொட்டியது. "நம்பள்... நம்பள் பேச்சு வராது..." என்றார்.

ஹால் இடிந்து விழுகிற மாதிரி ஒரு சிரிப்பு. "டேய், வீடியோல வர்ற சேட்டுடா! அவரேதான்டா!" என்று யாரோ கத்தினார்கள். அத்தனை செல்போனும் மேலே எழுந்தது. சேட்டின் முகத்தில் ரத்தமே இல்லை. கும்பிட்டுவிட்டு இறங்கினார்.

திரைக்குப் பின்னால் நின்ற ரித்தீஷ் ஆனந்தராஜின் சட்டையைப் பிடித்தான். "கோவமா வந்தவர கொலவெறியா ஆக்கிட்டியேடா!"

அதற்குள் கவிதா மேடம் உற்சாகமாகிவிட்டார். "இவர் கம்யூனிட்டி லீடரா? சூப்பர்! ரித்தீஷோட அப்பா பக்கத்துலயே உக்கார வைங்க. ரெண்டு பேரும் ஒரே ஃப்ரேம்ல வரட்டும்."

இப்படியாக, ஒரு சேட்டுக்குப் பக்கத்தில் கண்டாச்சிபுரத்து கண்ணையன் போய் உட்கார்ந்தார். சிரித்துக்கொண்டு சும்மா இருந்தாரா? கண்டக்டர் வாய் அது.

"ராம் ராம்! நம்பள் தான் ரித்தீஷ் அப்பா. நிம்பள் எங்க ஏறினான்?" என்றார்.

திரையோரம் நின்ற ரித்தீஷ் கண்ணை மூடிக்கொண்டான். திறந்தபோது சேட்டு கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பதில் சொல்ல அவருக்கு உதடு துடித்தது. கோபத்தில் பேச்சே வரவில்லை போலும் என்று நினைத்தான் ரித்தீஷ்.

"விழுப்புரம்" என்றார் சேட்டு கடைசியில். "முப்பது வருசம்."

"நம்பள் ஜோத்பூர். நேத்து வந்தான்" என்று அடித்து விட்டார் கண்ணையன்.

சேட்டு நாற்காலியை ஒரு அங்குலம் தள்ளிப் போட்டுக்கொண்டார். சேட்டம்மா முக்காட்டை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டார். வந்ததிலிருந்து அந்த அம்மாள் வாயே திறக்கவில்லை.

கவிதா மேடம் கேமராக்காரரோடு குனிந்து அவர்கள் முன்னால் வந்தார். "சார், நீங்க ரெண்டு பேரும் உங்க பாஷைல நாலு வார்த்தை பேசிக்கோங்களேன். ரெக்கார்ட் பண்ணிக்கறேன்."

கண்ணையனின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. ரித்தீஷ் திரையை இறுகப் பிடித்துக்கொண்டான். முடிந்தது. நாலு வருஷக் கனவு, கையெழுத்து, எல்லாம் இந்த ஒரு நிமிஷத்தில் முடிந்தது.

"வாணாம்!" என்று சேட்டுதான் கையை நீட்டித் தடுத்தார். "இங்க எல்லாம் தமிழ் ஆளுங்க இருக்குது. நம்பள் ஆளுங்க நம்பள் பாஷை பேசினா மரியாதை இல்ல. தமிழ் போதும்."

"கரெக்டா சொன்னான்!" என்றார் கண்ணையன், உயிர் வந்தவராக.

எவ்வளவு பெரிய மனுஷன் என்று ரித்தீஷ் உருகிப்போனான். இந்த மனுஷனையா தராசில் விரலை வைக்கிறவர் என்று காட்டினோம்? ஜிலேபிக் கதையை இன்றைக்குத் தொடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டு மேடை ஏறினான்.

ஷோரூமைப் பற்றிப் பேசினான். யாரும் சிரிக்கவில்லை. டவுன் பஸ்ஸைப் பற்றிப் பேசினான். கண்ணையன் மட்டும் தொழில் பாசத்தில் சிரித்தார். கவிதா மேடம் ஓரத்திலிருந்து கையால் வட்டம் வட்டமாகச் சுழற்றி ஜிலேபி, ஜிலேபி என்று சாடை காட்டினார். பார்க்காதது போல இருந்துவிட்டான். ஐந்து நிமிஷம் ஆயிற்று. நாற்காலிகள் கிறீச்சிட ஆரம்பித்தன.

மருமகனின் சிநேகிதனுக்கு உதவி செய்கிறோம் என்ற நினைப்பில் கண்ணையன் எழுந்து நின்றார். "பேட்டா! நம்பள் ஜிலேபி கதை சொல்லு பேட்டா!"

"ஜிலேபி! ஜிலேபி!" என்று ஹால் முழுக்கப் பிடித்துக்கொண்டது.

வேறு வழியில்லை. ரித்தீஷ் தொப்பையைத் தள்ளினான். "ஏ தம்பி! நம்பள் ஜிலேபி..." முடிக்கவில்லை, கூட்டம் சிரிக்கத் தொடங்கிவிட்டது. அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஒவ்வொரு 'நம்பள்'ளுக்கும் எக்கி எக்கி முன் வரிசைச் சேட்டைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு பையன் சேட்டின் தோளுக்கு மேலே செல்போனை நீட்டி அவரோடு சேர்த்துத் தன்னைப் படம் எடுத்துக்கொண்டான்.

கடைசியில் அந்த இடம் வந்தது. வீடியோவில் அதிகம் பேர் சிரித்த இடம். வாய் தானாகவே அதைப் பேசிவிட்டது.

"நானே சேட்டு வீட்டுப் பையன். எங்க வூட்ல ஒருத்தரும் இப்டி பேச மாட்டோங்க! இவரு மட்டும் ஏங்க இப்டி பேசறாரு? எந்த ஊரு சேட்டுங்க இவரு?"

ஹால் குலுங்கியது. விளக்கைச் சேட்டின் பக்கம் திருப்பினார்கள். அவர் சிரிக்க முயன்றார். உதடு கேட்கவில்லை. கண்ணில் நீர் கட்டிக்கொண்டு நின்றது. சேட்டம்மா முக்காட்டுக்குள்ளிருந்து கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

ரித்தீஷுக்கு ஸ்கூல் வராண்டா ஞாபகம் வந்தது. 'டேய் சேட்டு, நம்பள்கி ஒரு பென்சில் குடு' என்று நாற்பது பேர் சுற்றி நின்று சிரித்த மதியங்கள். அன்றைக்கு அவனும் இப்படித்தான் சிரிக்க முயன்றான். தன் மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது. நன்றி சொல்லக்கூட மறந்து இறங்கிப் போனான்.

பின் அறையில் கவிதா மேடம் ஒப்பந்தத்தை மேஜை மேல் விரித்துப் பேனாவை நீட்டினார். "பிரமாதம்! உங்கப்பா சிரிக்கிறது, அந்த லீடர் கண்ணுல தண்ணி வர்ற அளவு சிரிக்கிறது, எல்லாம் கெடச்சிடுச்சு. கையெழுத்துப் போடுங்க."

பேனாவை வாங்கினான். அப்போது கதவு திறந்தது. பொன்னாடை தோளில் நழுவிக் கிடக்க, பையை அணைத்தபடி சேட்டு உள்ளே வந்தார். பின்னால் சேட்டம்மா. ஆனந்தராஜ் மெல்ல ஜன்னல் பக்கம் ஒதுங்கினான்.

சேட்டு பையை மேஜையின் மேல் வைத்தார். உள்ளே கையை விட்டார். ரித்தீஷ் ஒரு அடி பின்வாங்கினான். வெளியே வந்தது ஒரு அட்டைப் பெட்டி. அப்புறம் இன்னொன்று. ஜிலேபி, பாதுஷா, மைசூர்பாகு. ஐந்து கிலோவாவது இருக்கும். நெய் வாசனை அறையை நிறைத்தது.

"நிம்பள்க்கு தான்" என்றார் சேட்டு. குரல் உடைந்திருந்தது. "நிம்பள் பெரிய எடத்துப் புள்ள. நம்பள் மேல கோவம் வேணாம். ஒரே ஒரு உதவி கேக்கறான். நம்பள் பத்தி பேசறது மட்டும் நிறுத்திடு. கடைக்கு வர்றவன் எல்லாம் 'எந்த ஊரு சேட்டு'ன்னு கேக்கறான். முப்பது வருசம் கஷ்டப்பட்டு உண்டாக்கின கடை. நிம்பள் கால்ல வேணா விழறான்."

சொன்னவர் நிஜமாகவே குனிந்தார்.

ரித்தீஷ் பதறிப்போய் அவர் தோளைப் பிடித்து நிமிர்த்தினான். கேலி செய்தவனுக்கு இனிப்பு கொண்டுவந்து காலில் விழுகிறார் ஒரு பெரியவர். இதற்கு மேல் என்ன ஒப்பந்தம் வேண்டிக் கிடக்கிறது? பேனாவை மேஜையில் வைத்தான்.

"அய்யா, நான்தாங்க உங்க கால்ல விழணும். நான் சேட்டே இல்லீங்க. எனக்கு இந்தியில ஒரு வார்த்த தெரியாது. செஞ்சி பக்கம், நயினார் வூடு. எங்கப்பா மல்லாட்ட போடறாரு. கேட்டவங்க வாய அடைக்க நானும் சேட்டுன்னு பொய் சொல்லிக்கினு திரிஞ்சேன். இவரு எங்கப்பாவும் இல்ல. ரிட்டயர்டு கண்டக்டரு."

"சொல்றதுன்னு இருந்தா முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதாடா? ஒரு மணி நேரமா தல அரிக்குது" என்று கண்ணையன் தலைப்பாகையைக் கழற்றினார்.

கவிதா மேடம் எல்லோரையும் ஒரு முறை பார்த்தார். ஒப்பந்தத்தை நிதானமாக மடித்துக் கைப்பையில் வைத்தார். "இத எங்க வக்கீல்கிட்ட சொன்னா உங்களோட சேத்து எனக்கும் வேல இருக்காது ரித்தீஷ். நான் இங்க வரவே இல்லன்னு வெச்சிக்கோங்க" என்று சொல்லிவிட்டு வெளியேறினார். அவர் செருப்புச் சத்தம் மாடிப்படியில் இறங்கி, ரோட்டுச் சத்தத்தில் கலந்துபோகும் வரை ரித்தீஷ் கேட்டுக்கொண்டிருந்தான். நாலு வருஷம் இறங்கிப் போனது. வலித்தது. ஆனாலும் இரண்டு நாளாக இருந்த பயம் மட்டும் போய்விட்டிருந்தது.

சேட்டு தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நயினார் வூடா நீ?" என்றார்.

ரித்தீஷ் அவரையே பார்த்தான். அந்தக் குரலில் ஏதோ குறைந்தது. என்ன குறைகிறது என்று அவனுக்குச் சட்டென்று பிடிபடவில்லை.

"செஞ்சி பக்கம்னா எந்த ஊருப்பா?" என்று கேட்டார் சேட்டு. கேட்டுவிட்டு, முழுசாகத் திரும்பித் தன் மனைவியைப் பார்த்தார்.

சாயங்காலம் முழுக்க வாய் திறக்காத சேட்டம்மா, முக்காட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். ஜன்னல் வழியாக வெளிச்சம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்தார். பிறகு பெட்டியைப் பிரித்து ஒரு ஜிலேபியை எடுத்து ரித்தீஷின் கையில் வைத்தார்.

"பொழுது சாயறதுக்குள்ள சாப்புட்டுடு தம்பி" என்றார். "சேட்டு போட்டாதான் ஜிலேபி வாங்கறாங்கன்னு, வந்தவாசி நயினாரு இவரு, முப்பது வருசமா சேட்டாவே இருந்துட்டாரு, நெஜ சேட்டு வூட்டுப் புள்ள ஒண்ணு நம்மளக் கண்டுபுடிச்சி ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்குதேன்னு ரெண்டு மாசமா மனுசன் தூங்கல."